தலைக்குக் கரண்ட் வைக்கலாமா?

சென்ற மாதம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்பட்ட 46 வயதுப் பெண்மணி, அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் என் அறைக்குத் தானே நடந்து வந்தவர். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விடிந்தால் தலைவலி, கூடவே வாந்தி. பித்தம் என்று கசாயம், கேஸ் என்று மாத்திரை, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். புற்றுநோய் மூளைக்குப் பரவி, மூன்று கட்டிகள். வீக்கம் குறைய ஸ்டீராய்டு எழுதினேன். அடுத்து கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது ஊரில் ‘கரண்ட்’ என்கிறார்களே அது, வேண்டும் என்றேன். இரண்டே நாளில் தலைவலி விட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். “தலைக்குக் கரண்ட் வைத்தால் புத்தி பேதலித்துவிடும் என்கிறார்களே டாக்டர்” என்று கேட்ட அண்ணன், தங்கையை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

இந்தக் ‘கரண்ட்’ என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்களோ, அவரை ஒருமுறை பார்க்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சையில் நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதே இல்லை. எந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு கிரைண்டரும் அப்படித்தான். உடலுக்குள் போவது எக்ஸ்ரே கதிர், ஆற்றல் மிகுந்தது. தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்த வலைமுகமூடி போட்டுப் படுக்க வைப்போம். ஷாக் அடிக்காது, சுடாது, வலிக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். மனநல மருத்துவத்தில் தரும் மின்னதிர்வு சிகிச்சை முற்றிலும் வேறு. அதைப் பற்றிய பயமும் பெரும்பாலும் சினிமா தந்தது என்பது தனிக் கதை.

நினைவாற்றல் பற்றிய கேள்வி நியாயமானது, மறைக்க மாட்டேன். மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் முடி கொட்டும், அசதி இருக்கும், சிலருக்கு மறதி வரும். அதனால்தான் கட்டிகள் சிலவே இருக்கும்போது கட்டியை மட்டும் குறிவைத்து ஒரே நாளிலோ சில நாள்களிலோ முடிக்கப் பார்க்கிறோம். ஒன்று முதல் மூன்று கட்டிகள் இருந்தவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், குறிவைத்த சிகிச்சையோடு முழு மூளைக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 92 சதவீதத்தினருக்கு மூன்றாம் மாதம் நினைவு, சிந்தனைத் திறன் குறைந்திருந்தது; குறிவைத்தது மட்டும் பெற்றவர்களில் 64 சதவீதம். ஆயுளில் வித்தியாசமில்லை. அந்தப் பெண்மணிக்கும் மூன்றே கட்டிகள்தான் இருந்தன.

“இனி எத்தனை நாள், டாக்டர்?” எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. 2020இல் வெளியான, 2,400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தொகுப்பில், மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில் மிக மோசமான பிரிவினரின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள்) 6 மாதம், மிக நல்ல பிரிவினருக்கு 36 மாதம். கட்டி எந்த வகை, வயது என்ன, மூளையில் எத்தனை கட்டி, உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா, நோயாளி தன் வேலையைத் தானே செய்கிறாரா என்று பார்த்துப் பிரித்தார்கள். ஹெர்2 பாசிடிவ் (புற்றுநோய்ச் செல்களில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும்) வகையினர் இன்று மாத்திரைகளாலும் கூடுதல் காலம் பெறுகிறார்கள். படுத்த படுக்கையாகி வெகு நாளானவருக்குக் கதிர்வீச்சு வேண்டாம், வலி தணித்துக் கவனித்தால் போதும் என்று நானே சொல்வதுண்டு. ஆனால் நடந்து வருகிறவரைப் படுக்கையில் விழும்வரை காத்திருக்க வைக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, விடிகாலை வாந்தி, வலிப்பு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வை இரட்டிப்பு எது வந்தாலும் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். ஹெர்2 பாசிடிவ், டிரிப்பிள் நெகடிவ் (ஹெர்2 மிகையும் இரு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத) வகையினர் இன்னும் கவனமாக இருங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறதென்று நீட்டிக்கவும் செய்யாதீர்கள்; சர்க்கரையைப் பாருங்கள். வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, பக்கத்துத் தெரு வரைக்கும்கூட. பணம்தான் தடை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், தாயே.

அந்தப் பெண்மணி ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தபோது கட்டிகள் பெருகியிருந்தன, குறிவைக்கும் நிலை தாண்டியிருந்தது. மூளை முழுவதற்கும் ஐந்து நாளில் மொத்தம் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தோம். வாந்தி நின்றது. வலது கை மட்டும் இன்னும் எழவில்லை. அண்ணன்தான் ஊட்டிவிடுகிறார்.