மழைத்தண்ணீரைப் பிடிப்பது இலையா, மரத்தடி மண்ணா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மரத்துக்கு வட்டப்பாத்தி எடுக்காத விவசாயி இல்லை. தூரிலிருந்து ஆறடி தள்ளி மண்ணை வெட்டி, பாத்தியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, வருகிற தண்ணீரை அங்கேயே நிறுத்துவார். அதே ஊர்க்காரர் கோவையிலோ திருப்பூரிலோ வீடு கட்டினால், வாசல் புங்கமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குத் திண்டு எழுப்பி, உள்ளே மண்ணைக் கொட்டி, மிச்ச இடத்துக்குப் பேவர் பிளாக் போட்டுவிடுகிறார். தெருவில் ஓடும் தண்ணீர் திண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் போய்விடுகிறது. கோடையில் அதே மரத்துக்கு லாரித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

நகர மரங்கள் வெள்ளத்தைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த இடத்தில், எவ்வளவு குறைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டுப் பார்த்தால் விஷயம் இலையில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 20 அடி விட்டத்துக்குக் கவிந்த மரத்தின் நிழல் ஏறக்குறைய 29 சதுர மீட்டர். இலையும் கிளையும் ஒரு மழையில் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்வது 1 முதல் 2 மி.மீ.தான். அதாவது 30 முதல் 60 லிட்டர், இரண்டு முதல் நான்கு குடம். தூறலுக்கு இது பெரிய விஷயம். சித்திரையில் இடியோடு அரை மணி நேரம் கொட்டும் மழைக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே இலை நனைந்து சொட்ட ஆரம்பித்துவிடும்.

இப்போது சாலையைப் பாருங்கள். 30 அடிச் சாலை, நடு மேடு. ஒரு பக்கத்துக்கு 15 அடி சரியும். 20 அடிக்கு ஒரு மரம் என்றால், ஒரு மரத்தின் பங்குக்கு 300 சதுர அடி, கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு அங்கிருந்து ஓடி வருவது 500 லிட்டருக்கு மேல். இதை இலை தொடவே தொடாது. மரத்தின் காலடியில் இருக்கும் மண் தொட முடியும், நாம் விட்டால்.

மண்ணில் மரம் மூன்று வேலை செய்கிறது. வேர் போன வழியும், செத்த வேர் மக்கிய வழியும் தண்ணீர் இறங்கும் குழாய்களாகின்றன. இலைச்சருகை மண்புழு இழுத்துக்கொண்டு போய் மண்ணைப் பொதபொதவென்று வைக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் வேர் தண்ணீரை உறிஞ்சி மண்ணைக் காய வைக்கிறது. காலியாக இருக்கிற தொட்டியில்தான் அடுத்த தண்ணீரைப் பிடிக்க முடியும்.

குழியின் அளவு

நகராட்சி ஒப்பந்தங்களில் வழக்கமாக எடுக்கும் 2 அடிக்கு 2 அடிக் குழி, நாற்று நடுவதற்கான குழி. தண்ணீர் பிடிப்பதற்கு அது போதாது. 8 அடி நீளம், 4 அடி அகலம் எடுங்கள். ஆழம் நாலே கால் அடி: அடியில் 6 இஞ்ச் உயரத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதன்மேல் 3 இஞ்ச் பொடி ஜல்லி (சிப்ஸ்), அதன்மேல் 3 அடி மண்கலவை, மேலே 6 இஞ்ச் சும்மா காலியாக. அந்தக் காலி 6 இஞ்ச்தான் குழியின் உயிர். தண்ணீர் தேங்கி நின்று இறங்குவதற்கான இடம் அது. அதை மண்ணைப் போட்டு நிரப்பினால் வெட்டியதே வீண்.

இந்த 6 இஞ்ச் பள்ளத்தில் 450 லிட்டர் நிற்கும். கீழே 3 அடிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்று குறைத்தே வைத்தாலும் இன்னொரு 540 லிட்டர். ஆக ஒரு குழிக்கு ஆயிரம் லிட்டருக்குப் பக்கம், அதாவது அந்த 28 சதுர மீட்டர் சாலையில் ஏறக்குறைய 35 மி.மீ. மழை. ஆண்டுக்கு 600, 700 மி.மீ. மட்டும் பெய்யும் கோவையில் பெரும்பாலான மழை நாட்கள் இதற்குள் அடங்கிவிடும். தெரு குறுகலாக இருந்தால் அகலத்தை இரண்டரை அடிக்குக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே வாய்க்காலாக வெட்டினால் இரண்டின் வேரும் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டடியிலேயே பாறை தட்டும் இடங்களிலும் இதே வழிதான், ஆழத்துக்குப் பதில் நீளம்.

கலவை: பத்துச் சட்டிக்கு ஐந்து சட்டி மணல், மூன்று சட்டி சலித்த செம்மண், இரண்டு சட்டி மக்கிய உரம். 3 அடி நிரப்ப 96 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் (100 கன அடி) கலவை. தண்ணீர் பட்டதும் அமுங்கும் என்பதால் பத்துக்கு ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். ஒரு அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு அமுக்குங்கள். திமிசுக்கட்டை போட்டு இடிக்க வேண்டாம்.

ஆற்று மணலுக்கு வழியில்லாததால் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான். கான்கிரீட்டுக்கான, கழுவிய எம்-சாண்ட் வாங்குங்கள். பூச்சுக்கான பி-சாண்ட் நைசாக இருப்பதால் தண்ணீரை விடாது. கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று இறக்கிவிட்டுப் போவதும் நடக்கிறது. லாரி நிற்கும்போதே ஒரு கண்ணாடி பாட்டிலில் 4 இஞ்ச் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் சாம்பல் நிறத்தில் படியும் தூசி கால் இஞ்சைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

உரத்தில் பாதிக்குப் பதிலாகத் தேங்காய்த் தொட்டிக் (கொட்டாங்குச்சிக்) கரி சேர்த்தால் ஈரமும் சத்தும் தங்கும். காங்கயம் பக்கம் கரிக்குப் பஞ்சமில்லை. பட்டாணி அளவுக்கு உடைத்து, சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்த பிறகே போடுங்கள். காய்ந்த கரியை அப்படியே போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொள்ளும், கன்று மஞ்சளடிக்கும். நார்த்தூள் மலிவு என்று பச்சையாகக் கொட்டுவது தவறு. உப்பும் துவர்ப்பும் இருக்கும், முதல் வெள்ளத்திலேயே மிதந்தும் போய்விடும்.

ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் துணி விரிக்கச் சொல்லும் வரைபடங்கள் உண்டு. நைஸ் மண் வந்து துணியில் அப்பிக்கொண்டால் குழி மூடி போட்ட தொட்டியாகிவிடும். அந்த 3 இஞ்ச் சிப்ஸே போதும்.

கரிசலில் ஏமாறும் இடம்

குழி வெட்டும் முன் மண் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்தில் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளக்கலாம். செம்மண் தரையில் இது எளிது. சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசலில்தான் கோளாறு. காய்ந்த கரிசல் வெடித்துக் கிடக்கும். முதலில் ஊற்றும் தண்ணீர் வெடிப்பில் மடமடவென்று போய்விடும். 'மண் நல்லாக் குடிக்குதுங்க' என்று வேலையைத் தொடங்கினால், ஐப்பசியில் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொண்டு குழி குட்டையாகிவிடும். மாலையில் ஒரு முறை நிரப்பி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பிய பிறகுதான் அளக்க வேண்டும். ஒரு குச்சியில் இஞ்ச் குறித்து நட்டுவையுங்கள். மணிக்கு ஓர் இஞ்ச் இறங்கினால் குழாய் எதுவும் தேவையில்லை. அரை இஞ்சுக்கு மேல் என்றால் காலி இடத்தை 4 இஞ்சாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே என்றால் அடி ஜல்லியில் துளையிட்ட 4 இஞ்ச் பிவிசி குழாய் வைத்து வடிகாலில் சேர்க்க வேண்டும். கடைசியில் ஓர் எல்போ (வளைவுக் குழாய்) போட்டு வாயைக் கொஞ்சம் தூக்கி விட்டால் அடியில் சிறிது ஈரம் மரத்துக்கு மிஞ்சும்.

குழாயைச் சேர்க்கும் முன் வடிகாலுக்குள் எட்டிப் பாருங்கள். நம் ஊர் மழைநீர் வடிகால்கள் பலவற்றில் ஓடுவது சாக்கடை. குழியின் அடிமட்டம் வடிகாலின் தரையைவிடத் தாழ்ந்திருந்தால், மழையில் வடிகால் நிரம்பும்போது கழிவு திரும்பிக் குழிக்குள் வரும். அந்த இடத்தில் குழாயே வேண்டாம். குழியை ஆழமில்லாமல் அகலமாக எடுங்கள். இன்னொன்று, கரிசலில் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடிக்குள் குழி வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் சுவர்ப் பக்கத்தில் 250 மைக்ரான் பாலித்தீன் தாளைச் செங்குத்தாக இறக்கிவிடுங்கள். அஸ்திவாரத்துக்கடியில் மண் ஒரு பக்கம் மட்டும் உப்பினால் சுவர் விரிசல் விடும்.

தண்ணீர் உள்ளே வர வேண்டுமே

எல்லாம் சரியாகச் செய்து, சாலை ஓரத்துக் கெர்ப் கல்லைத் திறக்காமல் விட்ட குழிகள் நிறைய. ஒரு குழிக்கு ஒன்றரை அடி அகலத்துக்கு வாய் வேண்டும். வாயின் அடி, சாலை ஓரத்தைவிட 2 இஞ்ச் தாழ்ந்திருக்க வேண்டும். சரிவான சாலையில் தண்ணீர் வேகத்தில் வாயைத் தாண்டியே ஓடிவிடும். வாயின் கீழ்ப்பக்கத்தில் ஓர் இஞ்ச் உயரத்துக்குச் சிமெண்டில் சாய்வாக ஒரு தடுப்பு வைத்தால் உள்ளே திரும்பும். குழிக்குள்ளும் சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு வைத்துப் படிப்படியாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கீழ் மூலையில் போய் நிற்கும். வாயில் விழும் இடத்தில் இரண்டு சட்டி ஒன்றரை இஞ்ச் ஜல்லி பரப்புங்கள், மண் அரிக்காது.

தெருவில் வீடு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தால் வாயைத் திறக்கவே வேண்டாம். சிமெண்ட் பாலும் எம்-சாண்ட் தூசியும் ஒரே மழையில் குழியின் மேற்பரப்பை அடைத்துவிடும். டீக்கடைக் கழுவுநீர், ஒர்க்‌ஷாப் ஆயில், சாயத் தண்ணீர் வரும் ஓரங்களும் ஆகாது.

மரத் தேர்வில் நீண்ட பட்டியல் தேவையில்லை. நீர்மருது, நாவல், புங்கன், பூவரசு, புன்னை ஆகியவை தூரில் தண்ணீர் நின்று வடிவதைத் தாங்கும். வேம்பு நம் ஊர் வறட்சிக்கு ராஜா. ஆனால் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், அதை மேட்டில் வையுங்கள். மயில்கொன்றை (குல்மொஹர்) நிழல் தரும், காற்றுக்கு ஒடியும். எந்தக் கன்றானாலும் குழி நடுவில் சின்ன மேடு கூட்டி, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி நடுங்கள். பையில் சுற்றிக்கொண்டிருக்கும் வேரைக் கத்தரித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே வளர்ந்த மரத்துக்கு இந்தக் குழி பொருந்தாது. வெட்டினால் வேர் போகும். அங்கே செய்யக்கூடியது திண்டையும் சிமெண்டையும் எடுப்பது. டெல்லி மரங்களுக்குச் சுற்றிலும் ஒரு மீட்டர் சிமெண்ட் எடுக்க 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஜேசிபி பிரேக்கர் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். இரண்டு இஞ்சுக்கு மேல் தடித்த வேரை வெட்டாதீர்கள். பிறகு இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் துளையிட்டு உரமும் கரியும் நிரப்பி, மேலே சருகு மூடுங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கோவையில் லங்கா கார்னரிலும் அவிநாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் அடியிலும் தண்ணீர் நிற்கிறது என்று அங்கே குழி எடுத்துப் பயனில்லை. அது மேட்டிலிருந்து வந்து சேர்ந்த தண்ணீர். மேட்டுத் தெருக்களிலேயே பிடிக்க வேண்டும். சில மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டினாலும், ஐப்பசி அடைமழையில் நாலாவது நாளாக மண் ஊறிக் கிடந்தாலும் குழி நிரம்பி வழியத்தான் செய்யும். அப்போது வடிகால்தான் கதி. அதைத் தூர்வாராமல் மரத்தை நம்பி உட்கார முடியாது.

பராமரிப்பு வருடத்துக்கு மூன்று முறை: கோடை மழை முடிந்ததும், புரட்டாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. வாயில் சேர்ந்த வண்டலை ஒரு சட்டி, இரண்டு சட்டி அள்ளிப் போட்டால் போதும். முதல் இரண்டு கோடைக்குக் கன்று ஒன்றுக்கு வாரம் இரண்டு முறை 20 லிட்டர் ஊற்ற வேண்டும். கொசு வரும் என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும்; சரியான குழியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. மழை விட்ட மறுநாள் அதே இஞ்ச் குச்சியை வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளும் தண்ணீர் தெரிந்தால் மேல்மண் அடைத்திருக்கிறது. இரண்டு இஞ்ச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணலும் உரமும் கலந்து போட்டால் மறுபடி இறங்க ஆரம்பிக்கும்.