கில்டட் ஏஜ்: பொன்முலாம் காலம்

அமெரிக்க வரலாறு பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் 'உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பொற்காலத்தில்' என்ற தொடரைச் சென்ற வாரம் மறுபடியும் படித்தேன். எத்தனை முறைதான் பொறுப்பது? மூலத்தில் இருப்பது 'கில்டட் ஏஜ்'. பொற்காலம் என்பது 'கோல்டன் ஏஜ்' என்பதற்கு உரியது. தங்க வளையலையும் முலாம் பூசிய பித்தளை வளையலையும் ஒரே விலைக்கு எந்தக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்?

சொற்பிறப்பு எளியது. பொன்னைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லடியில் பிறந்த வினை 'கில்ட்': மேலே மெல்லியதாகப் பொன் பூசுதல். மார்க் ட்வைனும் சார்லஸ் டட்லி வார்னரும் சேர்ந்து எழுதி 1873இல் வெளியிட்ட நாவலின் தலைப்பு இது. நிலத்தை வைத்து ஆடிய பேராசையையும் வாஷிங்டனின் லஞ்சத்தையும் சாடிய கதை. 1920களில் வரலாற்றாசிரியர்கள் இதையே ஏறத்தாழ 1870 முதல் 1900 வரையிலான காலத்துக்குப் பெயராக்கினார்கள்.

ஆக, பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. குப்தர் காலம் பொற்காலம் என்று பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லைக் கண்டதும் கலையும் செழிப்பும் நல்லாட்சியும்தான் மனத்தில் எழும். அப்படி எழுந்த பிறகு 1877இன் ரயில்வே வேலைநிறுத்தத்தை வாசகர் எங்கே வைப்பார்? கூலியைக் குறைத்ததால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் தொடங்கி நகரம் நகரமாகப் பரவிய அதை அடக்க ராணுவம் வந்தது. சுமார் 100 பேர் இறந்தார்கள். 1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கும் பிங்கர்டன் கூலிப்படையினருக்கும் நடந்த சண்டையிலும் உயிர்கள் போயின. மாளிகைகளும் ரயில் பாதைகளும் மின்னியது உண்மை. அந்த மினுக்குக்குக் கீழே இருந்ததைச் சொல்லத்தான் அந்தப் பெயரே பிறந்தது.

பிழை என்று உணர்ந்த சிலர் 'பொன் வேய்ந்த காலம்' என்று எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் 'பொன் வேய்ந்த' என்றதும் தமிழருக்கு நினைவு வருபவன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொற்கூரை அமைத்த பராந்தக சோழன். அங்கே வேய்ந்தது மெய்யான பொன். வேய்ந்த நோக்கம் சிறப்புச் செய்வது. ஏமாற்றுதலின் சாயல்கூட அச்சொல்லில் இல்லை.

'பொற்பூச்சுக் காலம்' என்போர் வேறு வகை. முலாம் உருது வழி வந்த சொல், ஆகவே ஆகாது என்கிறார்கள். தூய தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. நல்ல தமிழ்ச் சொல் இருக்கும் இடத்தில் அயற்சொல்லை நான் எழுதுவதில்லை. இங்கே நிலைமை வேறு. பூச்சு பொதுச்சொல். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் அது பாதுகாப்பு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. முலாமோ நகைப்பட்டறையிலிருந்து நம் பேச்சுக்குள் வந்து, 'பொய்க்கு முலாம் பூசுகிறார்' என்று கண்டிக்கும் சொல்லாகவே ஊறிவிட்டது. 'கில்டட்' என்பதில் உள்ள குத்தல் அப்படியே இதில் இருக்கிறது. வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. பொன்முலாம் காலம் என்பதே என் தேர்வு.

இதே காலத்தைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்பாளர்கள் இடறி விழும் இன்னொரு சொல் 'டிரஸ்ட்'. அகராதியைத் திறந்து முதலில் கண்ட பொருளை எடுத்து, எண்ணெய் அதிபர் ராக்பெல்லரின் 'ஸ்டாண்டர்டு ஆயில் அறக்கட்டளை' என்று எழுதிவிடுகிறார்கள். அறம் எங்கே வந்தது? 1882இல் பல எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளை ஒன்பது பேர் கையில் ஒப்படைத்து, போட்டியை ஒடுக்கிச் சந்தையை ஆண்ட ஏற்பாடு அது. நம் ஊரில் அறக்கட்டளை என்றால் அன்னதானமும் பாடசாலையும். இத்தகைய ஏகபோகங்களைத் தடுக்க வந்த 1890இன் ஷெர்மன் 'ஆன்டி-டிரஸ்ட்' சட்டத்தை 'அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டம்' என்று படிக்கும் மாணவர், அமெரிக்க நாடாளுமன்றம் தருமத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியதாகத்தானே புரிந்துகொள்வார்? ஏகபோகக் கூட்டு என்று எழுதுங்கள். அது கைவராவிட்டால் டிரஸ்ட் என்றே விட்டுவிடுங்கள்.