யாரும் சொல்லவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை

இந்த முறை போனது இரண்டு விரல்கள். கன்வேயரின் பாதுகாப்பு மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அந்த சுவிட்சுக்கு ஜம்பர் போட்டு, அதாவது ஒரு வயரால் இணைத்து, அதை வேலை செய்யாமல் ஆக்கி வைத்திருந்தார்கள். விசாரணைக்குப் போய் ஒவ்வொருவரிடமாகப் பேசினேன். ஆபரேட்டருக்குத் தெரியும், ஹெல்ப்பர்களுக்குத் தெரியும், பெருக்க வரும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். மேலாளருக்கு மட்டும் தெரியாது. "யாருமே என்கிட்ட சொல்லலையே, என் ரூம் கதவு எப்பவும் திறந்துதானே இருக்கு" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கதவு திறந்திருப்பது பெரிய விஷயமே இல்லை. அந்தக் கதவு வரை நடந்து வர ஒரு தொழிலாளி என்ன கணக்குப் போடுகிறார் என்று யோசியுங்கள். சொன்னால் லைன் நிற்கும், டார்கெட் போகும், சூப்பர்வைசர் "நேத்து வரைக்கும் ஓடின மெஷின்தானே" என்பார். காண்ட்ராக்ட் ஆள் என்றால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். இத்தனையும் நிச்சயம் நடக்கும். விபத்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அவர் வாயை மூடிக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? இதைப் பொறுப்பின்மை என்று திட்டாதீர்கள். பேசியவர்களுக்கு முன்பு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மௌனத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நியர் மிஸ் பதிவேடு காலியாக இருப்பதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒன்றுகூட நடக்காத தொழிற்கூடத்தை நான் பார்த்ததில்லை, எழுதாத தொழிற்கூடங்களைத்தான் பார்த்திருக்கிறேன். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்லப் பயம் இல்லை என்பதே அவர் கொடுத்த விளக்கம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலை நாள் இழப்பை ஏற்படுத்தும் விபத்து இல்லாமல் 7 ஆண்டுகள் ஓட்டியதற்காகப் பாராட்ட, அதே நாளில் மேலதிகாரிகள் அந்தத் தளத்துக்கு வந்திருந்தார்கள். விபத்து இல்லாத நாட்களை எண்ணும் பலகைக்கு இவ்வளவுதான் மதிப்பு.

சொல்லியும் கேட்காத கதை வேறு இருக்கிறது. 1977 மார்ச் 27, டெனெரிஃப் விமான நிலையம், ஒரே மூடுபனி. எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்றார், அதற்கு மேல் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கீழே இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கக் கேப்டன்களுக்கு முறையான பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் துறைகளில் எத்தனை சூப்பர்வைசர்களுக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருக்கிறது?

சரி, என்ன செய்யலாம்?

டூல்பாக்ஸ் டாக் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு) என்ற பெயரில் தாளை வாசித்துக் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்ற ஒரே பதில்தான் வரும். "இன்னைக்கு இந்த வேலையில எங்க அடிபடும்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், சூப்பர்வைசர் கடைசியில் பேசட்டும். வேறு மொழி பேசுபவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல ஏற்பாடு செய்யுங்கள், தலையாட்டுவதைப் புரிதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நைட் ஷிப்டுக்கும் நேரில் போங்கள். பெண்களிடம் ஹார்னஸும் (விழாமல் தாங்கும் பெல்ட்) கையுறையும் அளவாக இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் பலர் சொல்ல மாட்டார்கள்.

விபத்து நடந்தால் "யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள். ஜம்பர் விஷயத்திலும் போட்டவரைப் பிடித்தால் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அந்த சுவிட்ச் காரணமில்லாமல் ட்ரிப் ஆகி மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்ததும், மாற்றித் தரச் சொன்ன கோரிக்கை மெயின்டனன்ஸில் தூங்கியதும் அப்புறம்தான் வெளியே வந்தது. அதாவது, ஒருவர் சொல்லியிருக்கிறார்!

சக பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் ஒன்று. நம் தலையைப் பார்த்ததும் ஹெல்மெட் மாட்டி, போனதும் கழற்றுகிறார்கள் என்றால், அவர்கள் பயப்படுவது அபராதத்துக்குத்தான். அபராதப் புத்தகத்தைக் கொஞ்சம் உள்ளே வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது. உங்கள் இடத்தில் ஒருவர் கையை உயர்த்தி வேலையை நிறுத்தினால், தயவுசெய்து எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். பார்த்தபின் ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள் என்ற பதிலை அந்த ஷிப்ட் முடிவதற்குள் அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.