காசு கொடுத்து கரண்ட்டை விற்கும் சந்தை

2023 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் 2 மணியிலிருந்து 3 மணி வரைக்கான மின்சாரம் ஜெர்மனியின் மின்சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, மைனஸ் 500 யூரோ என்று போனது. யூனிட் கணக்கில் சொன்னால் மைனஸ் 50 சென்ட். அதாவது விற்றவர்தான் வாங்கியவருக்குப் பணம் கொடுத்தார். அந்த ஏலத்தில் அதற்குக் கீழே விலை போட விதியே இல்லை என்பதால்தான் அங்கே நின்றது. எப்போதோ ஒருமுறை நடப்பதும் இல்லை இது: 2024-ல் மட்டும் 457 மணிநேரம் அங்கே விலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது.

காசு கொடுத்து விற்பதற்கு உற்பத்தியை நிறுத்திவிடலாமே? சிக்கலே அதில்தான் இருக்கிறது.

மின்கம்பிகளில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவுதான் உள்ளே வர வேண்டும், கூடினால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் ஏறும், குறைந்தால் இறங்கும், ரொம்ப விலகினால் இயந்திரங்கள் தாமாகவே கழன்றுகொள்ளும். அதனால்தான் நாளைக்குத் தேவையானதை இன்று பகல் 12 மணிக்கே ஏலத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். ஞாயிறன்று தொழிற்சாலைகள் மூடியிருக்கும், வெயிலும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கும், அண்டை நாடுகளிலும் அதே வெயில், அங்கே அனுப்பலாம் என்றால் கம்பிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அப்போது யாராவது நிறுத்தியே ஆக வேண்டும். யார்?

பழுப்பு நிலக்கரி நிலையம் நிறுத்தாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மெகாவாட் மின்உற்பத்தி இயந்திரம் ஒன்றை 200 மெகாவாட் வரைதான் இறக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். விலை மைனஸ் 20 யூரோ, அப்படியே 4 மணிநேரம். 800 மெகாவாட் மணிக்கு நஷ்டம் 16,000 யூரோ. அணைத்தால் கொதிகலன் ஆறிவிடும். திரும்பச் சூடேற்ற எண்ணெயோ எரிவாயுவோ எரிக்க வேண்டும், பல மணிநேரம் ஆகும், சூடும் குளிருமாக மாறி மாறி உலோகமும் தேயும். அதற்கு 50,000 யூரோ ஆகுமென்றால் எந்த நிர்வாகியும் 16,000-ஐக் கொடுத்துவிட்டு ஓட்டவே செய்வார். குளிர்காலத்தில் ஊருக்கு வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் நிலையங்களுக்கு அந்தத் தேர்வுகூட இல்லை, நின்றால் வீடுகள் குளிர்ந்துவிடும்.

காற்றாலையை நொடியில் நிறுத்தலாம். ஆனால் பழைய காற்றாலைகள் பலவற்றுக்குச் சந்தை விலைக்கு மேல் அரசு விதிப்படி ஒரு ஊக்கத்தொகை வருகிறது. யூனிட்டுக்கு 3 சென்ட் அப்படி வருமென்றால், மைனஸ் 2 சென்டுக்கு விற்றாலும் 1 சென்ட் லாபம்.

என்னைக் கேட்டால் உண்மையான முடிச்சு கூரைகளில் இருக்கிறது. வீட்டுக் கூரையில் சோலார் பலகை போட்டவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை. சந்தை எங்கே போனாலும் அவர் பலகை பாட்டுக்கு ஓடும். அந்த மின்சாரத்தை மின்கடத்தும் நிறுவனங்கள் வாங்கி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகின்றன. இங்கே வெயில் மேல் குற்றமே இல்லை. விலை என்ற செய்தி, அதைக் கேட்டு நடக்கக்கூடிய லட்சக்கணக்கான கூரைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் குறை. வாங்கும் பக்கமும் அதே கதைதான்: பெரும்பாலான வீடுகளுக்கு எந்நேரமும் ஒரே கட்டணம், ஆகவே மதியம் 2 மணிக்குக் காரை சார்ஜ் போட யாருக்கும் அவசரமில்லை.

இந்த நேரங்களில் சம்பாதிப்பவர்களும் உண்டு. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் உள்ள கோல்டிஸ்தால் நீரேற்று மின்நிலையம் 1,060 மெகாவாட் திறன் கொண்டது. மதியம் மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி, மாலை விலை எகிறும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். பெரிய பேட்டரிகளுக்கும் இதே பிழைப்புதான்.

2025 பிப்ரவரியில் ஜெர்மனி சட்டத்தை மாற்றியது. புதிய சோலார் நிலையங்களுக்கு விலை மைனஸில் இருக்கும்போது பணம் கிடையாது, அப்படிப் போன நேரத்துக்கு ஈடாக 20 ஆண்டு முடிந்தபின் காலம் நீட்டித்துத் தரப்படும். சிறிய கூரைகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை விலக்கு உண்டு. நல்ல மாற்றம்தான், ஆனால் பழையவற்றை அது தொடாது. 2024-ல் பலகை போட்டவருக்கு 2044 முடியும்வரை அதே நிலையான விலைதான்.