தையல்காரரின் தோள் ஏன் கடுக்கிறது?

“மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலித்தால் காரணம் புரிகிறது. உட்கார்ந்த இடத்தில் பனியன் தைக்கிற என் மனைவிக்கு ஏன் தோள்பட்டை இப்படிக் கடுக்கிறது?” என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கையில் இருக்கும் துணி சில நூறு கிராம்கூடத் தேறாது.

பாதி விடை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். ஊசிமுனையைப் பார்க்கக் குனிந்தால், நெம்புகோல் விதிப்படி பிடரித் தசைகள் அதைப்போல் பல மடங்கு விசையோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். சாய்மானம் இல்லாத ஸ்டூலில், இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுகளுக்கும் இதே கதிதான்.

மீதிப் பாதிதான் அழகானது. பிடரியிலிருந்து தோள் நுனிவரை விரிந்திருக்கும் ட்ரெப்பீசியஸ் தசை, தைக்கும்போது தன் முழு வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. இவ்வளவு குறைந்த உழைப்பில் தசை எப்படிக் கெடும்? தசை முழுவதும் ஒன்றாக இயங்குவதில்லை என்பதில் இருக்கிறது விடை. ஒவ்வொரு நரம்புக் கிளையும் தனக்கென ஒரு கொத்து நார்களை இயக்குகிறது. லேசான வேலைக்குச் சிறிய கொத்துகள் முதலில் அழைக்கப்படும். விசை கூடக்கூடப் பெரியவை சேரும். அமெரிக்க உடலியல் அறிஞர் ஹென்னிமன் கண்டறிந்த இந்த வரிசை மாறுவதில்லை. விசை குறையும்போது பெரியவை முதலில் ஓயும், சிறியவை கடைசியில்.

தையலில் விசை கூடுவதும் இல்லை, முற்றிலும் இறங்குவதும் இல்லை. அதனால் காலை எட்டரைக்கு எழுப்பப்பட்ட அதே சிறு கொத்துகள், ஒன்றரை ஷிப்ட் முடியும் வரை கிட்டத்தட்ட ஓய்வே இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே பெரிய கொத்துகள் சும்மா இருக்கின்றன! சின்ட்ரெல்லா கதையில், வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் பெண்ணின் நிலை இது. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஹெக் 1991-இல் இந்தக் கருதுகோளுக்கு அவள் பெயரையே வைத்தார். வலியுள்ள தொழிலாளர்களின் தோள் தசையைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, மெதுவாக இயங்கும் வகை நார்களில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்திருந்தது தெரிந்தது.

இந்தத் தசை மனதுக்கும் கட்டுப்படும். பீஸ் ரேட் அவசரம், சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பது, எதுவானாலும் தோள் தன்னையறியாமல் மேலே ஏறும். அப்போதும் இயங்குவது அதே சிறு கொத்துகள்தான். இதை “வாய்வு பிடிச்சிருக்கு” என்று மந்திரிக்கப் போவதால் வலி போகாது, அன்றைய கூலிதான் போகும்.

மேசையை மாற்றினால் பலன் உண்டு. உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். மேசை மட்டம் அந்த முழங்கைக்கு 5 முதல் 15 செ.மீ. மேலே இருக்கட்டும். தாழ்ந்தால் கழுத்து குனியும், அதிகம் உயர்ந்தால் தோள் தூக்கும். மேசையைத் தைப்பவர் பக்கம் சுமார் 10 பாகை சாய்த்தால் ஊசிமுனை கண்ணுக்கு எதிரே வரும். 55 செ.மீ. அகல மேசைக்குப் பின்கால்களை 9 அல்லது 10 செ.மீ. உயர்த்த வேண்டும். பவர் மெஷினில் எண்ணெய்த் தொட்டியின் மட்டமும் சாயும் என்பதால், மெக்கானிக்கைக் கொண்டு சரிபார்த்த பிறகே ஓட்டுங்கள். துணி மடியில் சரியாமலிருக்க முன் விளிம்பில் மெல்லிய பட்டி அடிக்கலாம். பெடல் நம் பக்கம் நெருங்கியிருந்தால் முழங்கால் இடிக்கும். ஸ்டூலைப் பின்னால் தள்ளி, எட்டிக் குனிய வேண்டிவரும். பெடலை உள்ளே தள்ளுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குக் குனிவின் காரணம் வெள்ளெழுத்தாகவே இருக்கலாம். கண்ணுக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண்ணாடி வாங்குங்கள்.

ஓய்வு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நார்வேயில் லேசான கைவேலை செய்யும் பெண் தொழிலாளர்களின் தசை மின்னோட்டத்தை அளந்தவர்கள், 0.2 விநாடியே நீளும் அமைதி இடைவெளிகளை எண்ணினார்கள். அவை குறைவாக இருந்தவர்களுக்கே வலி அதிகம் வந்தது. பாபின் மாற்றும்போதெல்லாம் இரு கைகளையும் மடியில் போட்டு, தோளை முழுதாக இறக்கி, பத்து விநாடி விட்டுவிடுங்கள்.

இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் “எங்கே வலிக்கிறது?” என்ற கேள்வித்தாளோடு நின்றுவிடுகின்றன. தையல் கூடத்திலேயே தசையை அளக்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது; தையல்காரரின் கழுத்தும் தோளும் இருந்ததில்லை.

வலி வந்துவிட்டால்? டென்மார்க்கில் 2008-இல் வெளியான சோதனையில், இந்தத் தசை வலியுள்ள பெண்கள் வாரம் மூன்று முறை, இருபது நிமிடம், பத்து வாரம் தோளுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். வலி வெகுவாகக் குறைந்தது. கனமான எடை, சும்மா இருந்த பெரிய கொத்துகளையும் வேலைக்கு இழுக்கிறது. வீட்டில் இரண்டு தண்ணீர் கேன்கள் போதும்: கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, தோளைக் காதை நோக்கி உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பத்து முறைக்குமேல் தூக்க முடியாத அளவுக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆனால் இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனாலோ, கழுத்து வலி கைவரை இறங்கிப் பிடி தளர்ந்தாலோ, அது நரம்பு அழுந்துவதன் அறிகுறி. கேனைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.