பில்லின் அடியில் இருக்கும் அந்த ஒற்றை வரி சட்டம் அல்ல

துணிக்கடை, பாத்திரக்கடை, மின்சாதனக் கடை எதுவானாலும் பில்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சில கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் பலகையாகவே மாட்டியிருப்பார்கள். பழுதான பொருளோடு திரும்பி வருகிறவரிடம் கடைக்காரர் அதிகம் பேசுவதில்லை. விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டுகிறார். வந்தவரும் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுகிறார். இந்த ஒரு வரியை நம்பி எத்தனை குடும்பங்கள் பணத்தை விட்டுக்கொடுத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது.

1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. எவையெல்லாம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47) பிரிவு வரிசையாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது அவற்றில் ஒன்று. பில்லில் ஒரு கால அளவு குறித்திருந்தால் அதற்குள் கொடுக்க வேண்டும். எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

‘குறையுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சேலையின் நிறம் பிடிக்கவில்லை, அண்ணனுக்குச் சட்டை அளவு சரியில்லை என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு உதவாது. அங்கே மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. ஒரே துவைப்பில் சாயம் போன சேலையும், தையல் விட்ட செருப்பும், இரண்டாம் நாளே நின்றுபோன மின்விசிறியும் அப்படியல்ல. அங்கே கேட்பது நம் உரிமை.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மிக்ஸியால். விலை 4,850 ரூபாய். மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது ஜாரின் அடியில் கசிந்த தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிட்டது. கருகிய வாடையோடு மிக்ஸி நின்றது. கடைக்குக் கொண்டுபோனால் வழக்கம்போல அந்த வரியைக் காட்டினார்கள். பிறகு, உற்பத்தி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைப் போய்ப் பாருங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். அதுவும் தவறு. பணம் வாங்கிக்கொண்டு விற்றவர் அவர். உற்பத்தியாளரோடு சேர்த்து விற்பனையாளரையும் புகாரில் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். ‘இன்ன தேதியில், இன்ன எண் பில்லில், உங்கள் கடையில் மிக்ஸி வாங்கினேன். மூன்றாம் நாள் ஜார் கசிந்து மோட்டார் நின்றுவிட்டது. இன்ன தேதியில் நேரில் வந்தேன். மாற்றித் தர மறுத்தீர்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் புதிய மிக்ஸியோ கொடுத்த விலையோ தராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.’ அவ்வளவுதான். பில் நகலை இணைத்து, கடைக்கு ஒன்றும் உற்பத்தியாளருக்கு ஒன்றுமாக விரைவு அஞ்சலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. புது மிக்ஸி கிடைத்தது. நான் கோபமாகப் பேசிய அரைமணி நேரத்தில் நடக்காதது, கோபமே இல்லாத அந்த ஒரு பக்கக் கடிதத்தில் நடந்தது.

பில் இல்லாமல் எதுவும் நகராது

எனக்கு அன்று கைகொடுத்தது பில். ‘பில் வேண்டுமென்றால் வரி சேரும், வேண்டாமென்றால் இந்த விலை’ என்று இன்றும் பல கடைகளில் கேட்கிறார்கள். நாமும் நூறு ரூபாய் மிச்சம் என்று தலையாட்டிவிடுகிறோம். பில் தராமல் இருப்பதும், கேட்டால் மறுப்பதும் அதே 2(47) பிரிவின் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பொருள் நன்றாக இருக்கும்வரை அந்த நூறு ரூபாய் மிச்சம். பழுதானால் வாங்கியதற்கே சாட்சி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான கடைகளில் தருவது வெப்பத்தில் எழுத்து பதியும் வழுவழுப்பான தாள். ஆறு மாதம் பீரோவில் வைத்துவிட்டு எடுத்தால் வெற்றுத் தாளாக வெளுத்துப் போயிருக்கும். நகைக்கடை பில்லும் குளிர்சாதனப் பெட்டியின் பில்லும் இப்படி வெளுத்துப்போய்க் கைபிசைந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு நகலும் போட்டு வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பில் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில் பணம் போன பதிவும், கடைக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தியும் ஓரளவு உதவும்.

யார் புகார் கொடுக்கலாம்

விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெற்றவர் நுகர்வோர். முழுப் பணமும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. தவணையில் வாங்கியவரும் நுகர்வோர்தான். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் அப்படியே. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கினால் இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. தன் சொந்த உழைப்பில் வயிறு பிழைப்பதற்காக ஒரு தையல் இயந்திரமோ ஆட்டோவோ வாங்கியவர் நுகர்வோராகவே கருதப்படுவார். ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், வழக்குப் போட முடியாது’ என்று யாராவது சொன்னால் பின்வாங்காதீர்கள்.

சேவை என்பதில் வங்கி, காப்பீடு, தொலைபேசி, பஸ், ரயில், விமானப் பயணம், வீடு கட்டித் தருவது, கட்டணம் வாங்கும் மருத்துவமனை எல்லாம் அடங்கும். கட்டணமே இல்லாமல் பெறும் சேவை அடங்காது. வழக்கறிஞரின் தொழில்சார் சேவையும் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இணையத்தில் வாங்கினாலும் இதே சட்டம்தான். அதற்கென்று 2020இல் தனி விதிகளும் வந்தன. ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். தானியங்கிப் பதில்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதை விட அந்த அலுவலருக்கு நேராக எழுதுவது மேல்.

ஆணையத்துக்குப் போவது எப்படி

கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. அங்கே தீராவிட்டால்தான் ஆணையம். முதலில் 1915ஐ அழைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதி இது. கணக்கில் வருவது நீங்கள் கொடுத்த விலை மட்டுமே, கேட்கும் இழப்பீடு அல்ல. அதனால் 4,850 ரூபாய் மிக்ஸிக்கு ஒரு லட்சம் இழப்பீடு கேட்டாலும் புகாருக்கான கட்டணம் மிக்ஸியின் விலையை வைத்துத்தான். விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

இந்தச் சட்டம் செய்த மிகப் பெரிய உதவி என்று நான் நினைப்பது வேறு. முன்பெல்லாம் எதிர்தரப்பின் அலுவலகமோ கிளையோ இருக்கும் ஊரில், அல்லது சம்பவம் நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். தியாகராய நகரில் வாங்கிய பொருளுக்குத் திருநெல்வேலியில் இருந்தபடியே புகார் கொடுக்கலாம். ஐநூறு ரூபாய்ப் பொருளுக்காகச் சென்னைக்கு யார் அலைவார்கள் என்ற தைரியத்தில் இருந்த நிறுவனங்களுக்கு, இப்போது அலைய வேண்டியது தாங்கள்தான் என்பது புரிந்திருக்கிறது.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்களே எழுதி, நீங்களே நேரில் வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவுசெய்யவும் வழி இருக்கிறது. புகாரில் உங்கள் பெயர், முகவரி, எதிர்தரப்பினரின் பெயர், முகவரி, நடந்ததைத் தேதிவாரியாக, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதினால் போதும். விலை திரும்ப வேண்டுமா, பொருள் மாற வேண்டுமா, மன உளைச்சலுக்கு எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பில், கடித நகல், அஞ்சல் ரசீது ஆகியவற்றோடு, சொன்னதெல்லாம் உண்மை என்ற பிரமாண வாக்குமூலத்தையும் இணைக்க வேண்டும்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ‘பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்’ என்று இழுத்தடிப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டைத்தான் கரைக்கிறார்கள்.

புகாரை ஏற்பதா என்று பொதுவாக 21 நாளுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் மட்டுமே கிடைக்கும். இந்த 45 நாள் வரம்பை மீற முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. எதிர்தரப்புக்கு அறிவிப்பு சென்றதிலிருந்து மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இதைத் தாண்டிப் போகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் முதல் கடிதத்தையும் சான்றுகளையும் இவ்வளவு வலியுறுத்துகிறேன். சான்றுகள் கையில் இருந்தால் எதிர்தரப்பே சமரசத்துக்கு வரக்கூடும்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட விலை

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது இன்னொரு தினசரித் திருட்டு. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். ஏன் என்றால் ஃபிரிட்ஜில் வைத்ததற்கு என்பார்கள். அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரியும் சேர்ந்தது. அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்க்க முடியாது, சில்லறைக் கடைக்காரர் குளிர வைத்ததற்கும் சேர்க்க முடியாது. அச்சிட்ட விலையை மறைத்து அதிக விலை ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றம். நகத்தால் ஓரத்தைக் கீறிப் பாருங்கள், அடியில் பழைய விலை தெரியும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு கவனிக்கிறது. மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் மட்டும் நிலை வேறு. அங்கே இடமும் உபசரிப்பும் சேர்ந்தே வழங்கப்படுவதால் பாட்டில் தண்ணீருக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிறு தொகைதானே என்று தயங்குகிறவர்களுக்குச் சண்டிகர் வழக்கைச் சொல்வேன். 2019இல் அங்கே ஒரு காலணிக் கடையில், நிறுவனத்தின் பெயரையே விளம்பரமாகத் தாங்கிய காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கினார்கள். வாங்கியவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். இழப்பீடும் செலவும் அபராதமுமாக அந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்டது 9,000 ரூபாய்.

உத்தரவு வந்த பிறகும் பணம் தராமல் இருப்பவர்கள் உண்டு. மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். மாவட்ட ஆணையம் விதித்த தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் அவர்களின் மேல்முறையீட்டையே ஏற்கும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 71ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அந்த உத்தரவை நிறைவேற்றலாம். 72ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்த மனுவையும் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். உத்தரவின் சான்றிட்ட நகலை மட்டும் மறக்காமல் இணையுங்கள்.