வேலையை விட்ட பிறகு பழைய கம்பெனி எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

நியமனக் கடிதத்தின் நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ‘பணியிலிருந்து விலகிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதே துறையில் உள்ள வேறு நிறுவனத்தில் சேரக் கூடாது.’ சேரும்போது கண்ணில் படாத அந்த வரி, ராஜினாமா கொடுத்த மறுநாள் எச்ஆர் அனுப்பும் மெயிலில் தடித்த எழுத்தில் வந்து நிற்கும்.

இந்தியச் சட்டப்படி அந்த வரி செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு இருக்கிறது. சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் ஒருவர் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. அந்தப் பிரிவே தரும் விதிவிலக்கு ஒன்றுதான்: தன் வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அதில் வர மாட்டார். இங்கிலாந்து நீதிமன்றங்கள் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று எடை போட்டுப் பார்க்கும். வேலையை விட்ட பிறகான தடை விஷயத்தில் இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆறு மாதத் தடை என்றாலும், நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதில் மாறாது.

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு ஏஜென்சியிடம் போகும் முன் அந்த வாய்ப்பை முதலில் எங்களுக்குத் தர வேண்டும் என்று அவருடைய பழைய ஏஜென்சி கேட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி நீளும் தடை 27-ஆம் பிரிவில் அடிபடும் என்றது.

ஆனால் ‘காலத்தைத் தாண்டி’ என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான வழக்குகளின் முடிவு அதில்தான் தொங்குகிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ‘வேறு இடத்தில் வேலை செய்யாதே’ என்பது செல்லும். 1967-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் டயர் நூல் ஆலையில் சேர்ந்த ஒருவர், பயிற்சி எடுத்துக்கொண்டு பாதியிலேயே போட்டி ஆலைக்குப் போய்விட்டார். மீதிக் காலம் முடியும்வரை அந்த வேலையை வேறு இடத்தில் செய்யக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம் போட்டவர்கள், ராஜினாமா கொடுத்ததோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது பாண்ட். ‘மூன்று வருஷம் இரு, இல்லையென்றால் பணம் கட்டு’ என்பது தொழில் தடை ஆகாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முடியும் முன் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும். இடையில் ஒருவர் போனால் அந்தச் செலவு மறுபடி வரும் என்பது அங்கே எடுபட்ட வாதம்.

அதற்காக பாண்டில் என்ன தொகை எழுதியிருந்தாலும் கட்டியாக வேண்டும் என்றில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். மூன்று நாள் பவர்பாயிண்ட் காட்டிவிட்டு ‘டிரெய்னிங் செலவு’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள், கணக்கு எங்கே என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எப்படியானாலும் விவகாரம் பணத்தோடு சரி. வேலைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உங்களை இழுத்து உட்கார வைக்காது.

உண்மையில் ஊழியர்கள் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். கடைசி நாள் மாலை, வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் எக்செல் ஃபைலை சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது. ‘நான் உருவாக்கியதுதானே’ என்று தோன்றும். ஆனால் மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்குப் பதிப்புரிமை நிறுவனத்துக்குத்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அனுமதியில்லாமல் தரவை எடுப்பது, நேர்மையற்ற நோக்கம் இருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு சிறை வரை போகக்கூடிய குற்றம். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை; வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் தன் 289-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. தனிச் சட்டம் இல்லை என்பதால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் செல்லும். தலைக்குள் இருக்கும் அனுபவத்தையும் திறமையையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பென்டிரைவில் இருப்பதை வைத்துவிட்டு வாருங்கள்.

மறுபக்கம், கம்பெனியும் சிலவற்றைப் பிடித்து வைக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார் என்பதற்காகப் பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது. நோட்டீஸ் பீரியடில் குறைந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கேட்பது வேறு விஷயம். ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்கலாம்.

சரி, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது என்றால்? அது கம்பெனியின் கோரிக்கைதான், நீதிமன்ற உத்தரவு இல்லை. அதற்காக மூலையில் போட்டுவிடவும் வேண்டாம். ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள். உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் கேவியட் மனு போடலாம். அது 90 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் கம்பெனி மனு போட்டால், உங்களுக்குத் தகவல் தராமல் அந்த நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க முடியாது. 90 நாள் முடிந்தும் வழக்கு வராமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால், புதிதாக இன்னொரு கேவியட் போட்டுக்கொள்ளலாம்.